பஞ்சியா, பயமா? ஏழாவது கிணறு ஏன் இன்னும் தாளில் ஏறவில்லை

நவம்பர் 2, இரவு 8.05: மூதூரிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டது

சிறுகதை எழுதுகிறேன் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கொப்பியில் பதினொரு தொடக்கம் இருக்கிறது, ஒரு முடிவும் இல்லை. பள்ளிக்கூட வேலை எதையும் நான் பிந்திச் செய்ததில்லை. வினாத்தாள் கட்டு வந்த அன்றைக்கே திருத்திவிடுவேன். கதைக் கொப்பியைத் திறந்தால் மட்டும் உடனே குசினி கூட்ட வேண்டும் போல வரும். வீட்டில் இதைப் பஞ்சி, சோம்பல் என்கிறார்கள். பஞ்சிதானா? இல்லை, எனக்கு எழுத வராது என்பதைத்தான் மனம் இப்படிச் சொல்கிறதா?

நவம்பர் 2, இரவு 10.15: என் பதில்

பஞ்சி இல்லை. பஞ்சி பிடித்த ஆள் குசினி கூட்டமாட்டார். பாயை விரித்து, ஃபேனைப் போட்டுவிட்டுப் படுத்திருப்பார், அவருக்கு ஒரு குறையும் இராது. நீங்கள் கூட்டுகிறீர்கள், துடைக்கிறீர்கள், அவ்வளவு நேரமும் கொப்பியை நினைத்து நெஞ்சு கரிக்கிறது. அதற்குப் பெயர் பயம். உட்கார்ந்து எழுதுங்கள், தானாகப் போய்விடும்.

நவம்பர் 3, விடிய 5.50

இரவு எழுதியதை இப்போதுதான் வாசித்தேன். "உட்கார்ந்து எழுதுங்கள்" என்று பெரிய வைத்தியர் மாதிரி சொன்ன ஆள் யார் என்று பார்த்தால் நான்தான். வெட்கக்கேடு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைக்குக் கிட்ட இருக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் நீர்வர்ணத்தில் வரைவதாகத் தொடங்கி, ஆறை முடித்து, ஏழாவதை மூன்று வருடமாகத் தொடாமல் இருப்பவன் நான். ஏழும் முடிந்தால் சட்டம் போட்டு உப்புவெளியில் தன் விருந்தினர் விடுதிச் சுவரில் மாட்டுகிறேன் என்று மருமகன் சொல்லியிருக்கிறான். ஆணி கூட அடித்துவிட்டான். ஏழு ஆணி.

ஆசிரியைத் தங்கச்சி, அந்தப் பதிலைத் தூக்கி எறிந்துவிடுங்கள். வேலை முடிந்து வந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

நவம்பர் 3, பின்னேரம் 6.30

என் தொழில் போர்ட் எழுதுவது. பிளெக்ஸ் வந்த பிறகு கடைப் போர்ட் எல்லாம் கையை விட்டுப் போய்விட்டது. கோயில் மதில், பள்ளிக்கூடச் சுவர், படகு, இவைதான் மிச்சம்.

இன்று திருக்கடலூர்க் கரையில் ஒரு பைபர் போட். காலையில் போனேன். நூலில் சோக்குத்தூள் தடவி, ஒரு நுனியைச் சின்னப் பெடியனிடம் கொடுத்து இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்க்கோடு விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் பென்சிலால் எழுத்தின் எலும்பு மட்டும். பிறகு எனாமலைத் தொட்டு ஒரே இழுப்பு. படகின் வயிறு வளைவாக இருக்கும், ஆகவே நேராக எழுதினால் தூரத்தில் நின்று பார்க்கிறபோது எழுத்து சரிந்து தெரியும். கொஞ்சம் கள்ளமாக வளைக்க வேண்டும். பதினொரு மணிக்கு முடிந்தது. படகுச் சொந்தக்காரர், சம்மாட்டி, பின்னேரம் கடலுக்கு விட்டுவிட்டார். எனக்கு எழுத வருமா வராதா என்ற யோசனை ஒரு நிமிடம் கூட வரவில்லை.

இவ்வளவுக்கும் நான் பிழையே விடாதவன் இல்லை. பல வருடத்துக்கு முன் ஒரு படகில் வேளாங்கண்ணி மாதாவின் பெயரை எழுதும்போது மூன்று சுழி "ண்ண"வுக்குப் பதில் இரண்டு சுழி "ன்ன" போட்டுவிட்டேன். எனாமல் காய்ந்த பிறகுதான் கண்ணில் பட்டது. திருத்தித் தருகிறேன் என்றேன். சம்மாட்டி சிரித்தார்: "மீனுக்கு வாசிக்கத் தெரியுமோ? விடு." அந்தப் படகு இரண்டு வருடம் அந்தப் பிழையோடு தொழில் செய்தது. நல்ல மீனும் பட்டது.

அதே கை, அதே கண். சொந்தப் படம் என்றவுடன் மட்டும் ஏன் மரத்துப் போகிறது என்று எனக்கும் விளங்கவில்லை.

நவம்பர் 4, இரவு

தங்கச்சி பதில் போட்டிருக்கிறார்: "படகுக்குச் சம்மாட்டி காத்துக்கொண்டு நின்றார். என் கதைக்கு யாரும் காத்திருக்கவில்லை."

பாதி சரி. ஆனால் என் ஏழாவது கிணற்றுக்கு மருமகன் காத்திருக்கிறானே? ஆணி துருவேறுகிறது என்று கிழமைக்கு ஒருக்கால் போன் எடுக்கிறான். அப்படியும் கை ஓடவில்லை. ஆகவே ஆள் காத்திருப்பது மட்டும் போதாது. இன்னும் ஏதோ இருக்கிறது. யோசிக்கிறேன்.

நவம்பர் 9, இரவு 9.20

தாள் கதையைச் சொல்கிறேன், அதில் ஏதாவது பிடிபடுகிறதா பார்ப்போம்.

2016இல் கனடாவில் இருக்கும் சித்தி வந்தபோது இருபது தாள் கொண்டுவந்து தந்தார். முழுக்கப் பஞ்சில் செய்தது, 300 ஜிஎஸ்எம், நல்ல தடிப்பு. விரலால் தட்டினால் தோல் மாதிரி சத்தம் வரும். அதுவரை கடையில் விற்கும் பள்ளிப் பிள்ளைகளின் வரைதல் கொப்பியில்தான் வரைந்துகொண்டிருந்தேன். இந்தத் தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கை இன்னும் கொஞ்சம் திருந்தட்டும், அப்புறம் பாவிப்பம்" என்று பொலித்தீனில் சுற்றி அலுமாரி மேல் வைத்தேன்.

நித்திரை வருகிறது. மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 28, இரவு

சரி, சிரித்து முடித்துவிட்டீர்களா?

"நாளை" என்று எழுதி பத்தொன்பது நாள். வேண்டுமென்று செய்யவில்லை. மழை, வேலையில்லை, நேரம் நிறைய இருந்தது. ஒவ்வொரு இரவும் இந்தப் பக்கத்தைத் திறப்பேன், தாள் கதையை நன்றாகச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன், மூடுவேன். பின்னூட்டத்தில் தம்பலகாமத்து ஐயா "நேரடி ஒளிபரப்பாகச் செய்து காட்டுகிறார்" என்று எழுதியிருந்தார். கும்பிடுகிறேன் ஐயா.

போன வருடம் மார்கழியில் துணிந்து பொலித்தீனைப் பிரித்தேன். தாள் வெள்ளையாகத்தான் இருந்தது. தண்ணீர் தடவி, வானத்துக்கு ஒரு நீலம் இழுத்தேன். நீலம் பரவவில்லை. ஒற்றுத்தாளில் மை விழுந்த மாதிரி இழுத்துக்கொண்டு, அங்கங்கே கறுத்த புள்ளியாக நின்றது. இன்னொரு தாள் எடுத்தேன். அதுவும் அப்படியே.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. இந்த வகைத் தாளுக்கு ஜெலட்டின் பசை ஊட்டியிருப்பார்கள். அது இருப்பதால்தான் வர்ணம் மேலே மிதந்து பரவும். ஈரக்காற்றில் வருடக்கணக்காக வைத்தால் அந்தப் பசை கெட்டுவிடும், பிறகு தாள் வெறும் பஞ்சு. நம்முடைய கடற்கரை ஈரத்தில், அதுவும் பொலித்தீனுக்குள் அடைத்து வைத்தால் கேட்கவா வேண்டும்.

என் கை திருந்தட்டும் என்று வைத்தேன். கை திருந்தவில்லை, தாள் கெட்டது.

நவம்பர் 29, விடிய

கடைசி வரி ஏதோ மேடைப் பேச்சு மாதிரி விழுந்துவிட்டது. கை திருந்தவில்லை என்பதும் பொய். கொப்பித் தாளில் வரைந்து வரைந்து கொஞ்சம் திருந்தித்தான் இருக்கிறது. ஆறு கிணறும் அந்த மலிவுத் தாளில்தான் வரைந்தேன். பெரிய தாளை ஏழாவதுக்கு என்று ஒதுக்கினேன். அங்கேதான் பிழைத்தது.

நவம்பர் 29, இரவு

கெட்ட தாளுக்கு மீண்டும் ஜெலட்டின் பூசலாம் என்று ஒருவர் சொன்னார். நல்ல யோசனை. கடைக்குப் போய் ஜெலிப் பக்கற் வாங்கி, வெந்நீரில் கரைத்து, பிறஷால் இரண்டு தாளுக்குப் பூசி விறாந்தைக் கொடியில் காயப்போட்டேன். ஜெலிப் பக்கற்றில் சீனியும் இருக்கும் என்பதை எறும்புகள்தான் படிப்பித்தன. வீட்டில் மனுசி கேட்டார்: "படம் கீறுறீங்களோ, பலகாரம் செய்யிறீங்களோ?"

தங்கச்சி, இதுவும் ஒரு குசினி கூட்டல்தான். தாளைச் சரிபண்ணுகிறேன் என்ற பெயரில் இரண்டு நாள் வரையாமல் இருந்தேன்.

டிசம்பர் 4

தங்கச்சி தான் வாசித்தவற்றை அனுப்பியிருக்கிறார். எனக்கு விளங்கிய மட்டில் எழுதுகிறேன்.

சிரோயிஸ், பிச்சில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரையில் சொல்வது: வேலையைத் தள்ளிப்போடுவதை நேரத்தைக் கையாளத் தெரியாத கோளாறாக மட்டும் பார்க்கக்கூடாது. அந்த வேலையை நினைத்தால் வருகிற மனச் சங்கடத்தை இப்போதைக்கு ஆற்றிக்கொள்கிறோம், கடனை நாளைய நம் தலையில் கட்டுகிறோம். இதை வாசித்தவுடன் எனக்குக் குசினி விளங்கிவிட்டது. கூட்டி முடித்தவுடன் ஒரு சுகம் வருகிறதே, அதற்காகத்தான் கூட்டுகிறோம். அடுத்த முறையும் அதே சுகத்துக்குத்தான் விளக்குமாறைத் தேடுவோம்.

இன்னொன்று 2010இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் செய்தது. முதலாம் வருட மாணவர் 119 பேர். முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்களாம். நான் தலைகீழாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! நன்றாகத் திட்டிக்கொண்டால் சூடு சொரணை வந்து வரைவேன் என்றிருந்தேன். மூன்று வருடத் திட்டு வீண்.

டிசம்பர் 5, காலை

விடிய எழும்பிக் கண்ணாடி பார்த்து "மன்னித்துவிட்டேன்" என்று சொல்லிப் பார்த்தேன். மனுசி தேத்தண்ணியை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

டிசம்பர் 11

தக்காளி முறை பற்றிக் கேட்ட தம்பிக்கு: ஆம், முயன்றேன். இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் 1980களின் கடைசியில் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையல் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு தொடங்கியது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. எழுத்து வேலைக்கு நல்லதாக இருக்கலாம். நீர்வர்ணத்துக்கும் நம்மூர் மார்கழிக்கும் சரிவராது. ஒரு பூச்சுக் காயவே முக்கால் மணித்தியாலம் எடுக்கிறது. மணி அடிக்கும், நான் ஈரத் தாளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், ஓய்வு என்று போய் வெளியில் இருந்தால் அந்த ஓய்வு பின்னேரம் வரை போகும்.

எனக்கு உதவியது வேறு. பிறஷையும் தண்ணீர்க் கோப்பையையும் இரவே மேசையில் எடுத்து வைத்துவிட்டுப் படுப்பது. விடியத் தேத்தண்ணி குடித்ததும் பிறஷை நனைப்பது. வரைவேன் என்ற வாக்குறுதி ஒன்றும் இல்லை, நனைப்பது மட்டும். நனைத்த பிறஷைச் சும்மா வைக்க எனக்கு மனம் வராது, தொழில் பழக்கம். எழுதுகிறவர்கள் எதை நனைப்பார்களோ தெரியாது.

டிசம்பர் 20

தம்பலகாமத்து ஐயா குறளோடு வந்துவிட்டார்.

"நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்
கெடுநீரார் காமக் கலன்."

605ஆவது குறள். நெடுநீர் என்பதே காலம் நீட்டும் குணம்தான், நீங்கள் எல்லோரும் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்கிறார். பரிமேலழகர் கலனை மரக்கலம் என்று கொள்கிறார். கெட்டுப்போகப் போகிறவர்கள் ஆசைப்பட்டு ஏறுகிற கப்பல். ஆபரணம் என்று பொருள் சொல்வோரும் உண்டாம். துறைமுகத்து ஆட்களுக்குக் கப்பல்தான் பொருத்தம். அதிலும் படகுக்குப் பெயர் எழுதிப் பிழைப்பவன் நான், அந்தக் கப்பலுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். ஐயாவின் குறளில் நெடுநீர் வேறு, மறவி வேறு, பஞ்சி என்கிற மடி வேறு, துயில் வேறு. வள்ளுவர் நான்காக எண்ணியிருக்கிறார். பஞ்சியும் தள்ளிப்போடுதலும் ஒன்றில்லை என்று தங்கச்சி வீட்டாருக்கு இதைக் காட்டலாம். இரண்டும் ஒரே கப்பலில்தான் ஏறுகின்றன என்பதை மட்டும் காட்டவேண்டாம்.

டிசம்பர் 21

ஐயாவுக்கு என் பதில் 672: "தூங்குக தூங்கிச் செயற்பால". ஆறப்போட்டுச் செய்ய வேண்டியதை ஆறப்போடு என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார். ஏழாவது கிணறு அந்த வகை.

டிசம்பர் 21, அரை மணித்தியாலம் கழித்து

ஐயா குறளின் மிச்சத்தை அனுப்பியிருக்கிறார்: "தூங்கற்க தூங்காது செய்யும் வினை." வாயை மூடிக்கொள்கிறேன்.

டிசம்பர் 26

இன்றைக்குக் கரைக்குப் போய்விட்டு வந்தேன். எல்லோரும் போவதுதான்.

2004 சுனாமியின்போது எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. ஆட்கள் தப்பினோம். வீட்டில் இருந்தது ஒன்றும் இல்லை. அதில் என் படக்கட்டும் ஒன்று, பதினேழு வயதிலிருந்து வரைந்தது, ஐம்பது அறுபது இருக்கும். அதைப்பற்றி இன்றைக்கு அதிகம் எழுத மனமில்லை.

டிசம்பர் 30

எழுதாமல் விட்டதை எழுதுகிறேன், ஏனென்றால் தங்கச்சி கேட்ட கேள்விக்கு இதுதான் கிட்ட வருகிறது.

அந்தப் படங்கள் போன பிறகு, யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், ஒன்று சொல்வேன்: "அப்ப கீறினது வேற. அந்தக் கை இப்ப இல்லை." இருபது வருடமாகச் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறை பிறஷை எடுக்கும்போதும் அந்தப் போன படங்கள் பக்கத்தில் வந்து நிற்கும். அவற்றோடு போட்டி போட முடியாது. தண்ணீருக்கடியில் கிடக்கும் படம் வருடத்துக்கு வருடம் அழகாகிக்கொண்டுதான் வரும்.

ஜனவரி 11, இரவு 11.40

நித்திரை வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

சித்திக்கு 1998இல் கலியாணம். அப்போது நான் ஒரு படம் வரைந்து கொடுத்தேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. அது அவரோடு கனடா போய், ஒரு பெட்டிக்குள் இவ்வளவு காலம் கிடந்திருக்கிறது. நான் இங்கே எழுதியதை யாரோ அவருக்கு வாசித்துக் காட்ட, தேடி எடுத்துப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்.

கோணேசர் மலை, கீழே கடல், ஒரு வள்ளம். மலை பாண் துண்டு மாதிரி இருக்கிறது. வள்ளத்துக்கு நிழல் ஒரு பக்கம், மலைக்கு நிழல் மறுபக்கம். ஊரில் அன்றைக்கு இரண்டு சூரியன் போல. துடுப்பு பிடித்த ஆளுக்கு ஒரு கை மற்றதைவிட அரை மடங்கு நீளம்.

அந்தக் கைதான் நான் இருபது வருடமாகத் துக்கம் கொண்டாடிய கை.

ஜனவரி 12

"அப்படியானால் நிம்மதிதானே" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நிம்மதி உடனே வரவில்லை. முதலில் கோபம்தான் வந்தது, இன்னொரு முறை பறிகொடுத்த மாதிரி. பின்னேரம் மீண்டும் பார்த்தேன். கடலில் ஒரு சின்ன இடம், பாறைக்குக் கீழே நுரை உடைகிற இடத்தில் தாளை வெள்ளையாகவே விட்டிருக்கிறேன், வர்ணம் பூசவில்லை. அது மட்டும் நன்றாக இருக்கிறது. யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள், தற்செயலாகவும் விழுந்திருக்கலாம்.

தாளை வெள்ளையாக விடுவது இப்போது எனக்கு அதைவிட நன்றாக வரும். அதைச் சொல்வதில் தப்பில்லைதானே?

ஜனவரி 13

பெரிய கலைஞர்களுக்கு இந்தச் சந்தேகம் எல்லாம் இராது என்று ஒருவர் எழுதியிருந்தார். பிரெஞ்சு ஓவியர் மோனே 1908இல், காட்சிக்கு வைக்க இருந்த அல்லிக்குளப் படங்களில் குறைந்தது பதினைந்தைத் தன் கையாலேயே நாசமாக்கினார். அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது, உலகப் புகழ். அடுத்த வருடம் 48 படங்களோடு காட்சி நடந்தது. ஆகவே சந்தேகம் போன பிறகு வரையலாம் என்று காத்திருக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கவும்.

இன்னொருவர் தங்கச்சிக்கு, "நம் திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை 1895இலேயே மோகனாங்கி என்று நாவல் எழுதிவிட்டார், உங்களுக்குச் சிறுகதைக்கே இவ்வளவு பாடா" என்று எழுதியிருக்கிறார். உற்சாகப்படுத்தத்தான் சொன்னார், தெரியும். ஆனால் ஒருவரை எழும்ப விடாமல் செய்ய இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

ஜனவரி 19

தங்கச்சி, உங்கள் பதினொரு தொடக்கத்தைப் பற்றி ஒன்று சந்தேகப்படுகிறேன். பிழையாக இருந்தால் சொல்லுங்கள்.

ஆறு கிணறு இருக்கும் வரை "இன்னும் முடியவில்லை" என்று யாருக்கும் சொல்லலாம். ஏழாவதை வரைந்தால் ஏழும் சுவருக்குப் போகும். அப்புறம் வருகிற வெள்ளைக்காரர் அதற்கு முன்னால் நின்று போனில் வைஃபை தேடுவார். அதை என்னால் தாங்க முடியாது. உங்கள் கதைகளும் தொடக்கமாக இருக்கும் வரை பதினொன்றும் நல்ல கதைகள்தான்.

ஜனவரி 19, இரவு

தங்கச்சியின் பதில்: "பதினொன்றில் ஏழு நல்ல கதை இல்லை, எனக்கே தெரியும். நான்கை மட்டும் சொல்லுங்கள்."

இந்தப் பிள்ளை என்னைவிடத் தெளிவு.

பெப்ரவரி 15

போனேன். விடிய ஐந்தரைக்கே வெளிக்கிட்டு, மோட்டார் சைக்கிளில் அநுராதபுரம் வீதி வழியாகப் போனால் எட்டுக் கிலோமீற்றர் அளவுதான். இந்த எட்டுக் கிலோமீற்றருக்கு மூன்று வருடம். கொண்டு போனது கெட்ட தாள், எறும்பு தின்று மிச்சம் விட்டது அல்ல, பூசாத ஒன்று. நல்ல தாளைக் கொண்டு போயிருந்தால் திரும்பியிருப்பேன்.

ஒரு குடும்பம் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையை முடித்துவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தது. வயதான ஒரு மனிதர் ஒவ்வொரு கிணற்றிலும் வாளி விட்டு, காலில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்து, "இது சூடு, இது அவ்வளவு இல்லை" என்று பேரனுக்குச் சொல்லிக்கொண்டு போனார். ஏழும் ஏழு சூடு. நானும் பென்சிலால் கிணற்றுக் கட்டின் விளிம்பைப் பிடித்தேன், பிறகு நீலம் கலந்த சாம்பல் ஒரு பூச்சு. தாள் இழுத்துக்கொண்டது. புள்ளி விழுந்தது. புள்ளி விழட்டும் என்று விட்டுவிட்டேன். ஈரக் கல் என்று யாராவது நினைத்தால் நான் மறுக்கப்போவதில்லை.

ஒன்றரை மணித்தியாலம். முடிந்தது. ஏழு.

பெப்ரவரி 15, இரவு

வரும் வழியில் பிரட்றிக் கோட்டை வாசலில் தேத்தண்ணி குடிக்க நின்றேன். படத்தை மோட்டார் சைக்கிள் சீற்றில் காயப் போட்டிருந்தேன். ஒரு மான் வந்து இடது மேல் மூலையைச் சப்பிவிட்டது. கோட்டை மான்கள் தாள் தின்னும் என்று ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் மறந்துபோனது. இரண்டு விரல் அகலம் போயிற்று. வானம்தான், சட்டத்துக்குள் மறைந்துவிடும்.

முதல் விமர்சகர் விழுங்கிவிட்டுப் போனார் என்று மருமகனிடம் சொன்னேன்.

பெப்ரவரி 17

ஒரு பிழை நடந்திருக்கிறது.

ஏழையும் நிலத்தில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். மூன்றாவது படத்திலும் ஐந்தாவது படத்திலும் கட்டின் வலப்பக்க மூலையில் ஒரே உடைப்பு. பக்கத்தில் ஒரே வெடிப்பு, கீழே போய் இரண்டாகப் பிரிகிறது. மூன்றாவதைக் காலையிலும் ஐந்தாவதைப் பின்னேரமும் வரைந்திருக்கிறேன், நிழல் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டும் ஒரே கிணறு.

அதாவது மூன்று வருடம் ஆறு வரைந்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது கையில் இருந்தது ஐந்து. இப்போது ஆறு. ஏழாவது இன்னும் தாளில் ஏறவில்லை.

மனுசி விழுந்து விழுந்து சிரிக்கிறார். நானும்தான்.

பெப்ரவரி 18

தம்பலகாமத்து ஐயா: "எட்டுப் படமாக மாட்டு. யார் எண்ணப்போகிறார்கள்?" எண்ணுவார்கள் ஐயா. எட்டாவது ஆணி அடிக்கவேண்டும் என்று மருமகன் இப்போதே கத்துகிறான்.

தங்கச்சி ஒரு கதையை முடித்துவிட்டாராம். நான்கு பக்கம். முடிவு பிடிக்கவில்லை, ஆனாலும் முடிவு என்று ஒன்று இருக்கிறது என்கிறார். அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பிழை இருந்தால் சொல்லக்கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறார். சரி. மீன் மாதிரி வாசிப்பேன்.

பெப்ரவரி 21, இரவு 9.50

பிறஷை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். நாளை விடிய மீண்டும் கன்னியா. இந்த முறை முதலில் ஏழு கிணற்றையும் சுற்றிவந்து, உடைப்பு, வெடிப்பு எல்லாம் கொப்பியில் குறித்துக்கொண்ட பிறகுதான் உட்காருவேன். மழை இருந்தால் நாளை மறுநாள்.

பெப்ரவரி 21, இரவு 9.55

மழை இருந்தாலும் நாளைதான். குடை இருக்கிறது.